சப்ஸ்ட்ரேட் பாட்டிலைத் திறக்கும் முன்: ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்கிற எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு மேசையைக் காட்டிப் பயமுறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அது மரபணுவைப் பார்க்கச் சாயமாகப் போடுகிற எத்திடியம் புரோமைடு மேசை. "கையுறை இல்லாம அந்தப் பக்கம் போகாதே" என்பார் சீனியர் அக்கா. சரிதான், போகக் கூடாது. அதே அக்கா மாலையில் அலமாரியிலிருந்து ஆர்த்தோ டயானிசிடின் பாட்டிலை எடுத்து, "இது சும்மா சப்ஸ்ட்ரேட்தான், கலர் வர்றதுக்கு" என்று கையில் கொடுப்பார். நொதி எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறதோ அதுதான் சப்ஸ்ட்ரேட். பிரான்சின் லியோன் நகரில் இருக்கிற பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி, எத்திடியம் புரோமைடை வகைப்படுத்தவே இல்லை. டயானிசிடினோ அதன் பட்டியலில் 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பிரிவில், உட்கார்ந்திருக்கிறது.

எத்திடியம் புரோமைடு சாது என்று சொல்ல வரவில்லை. அது மரபணுவின் படிகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும் பொருள். மரியாதையோடுதான் தொட வேண்டும். நான் சொல்வது வேறு. மண்டை ஓடு போட்ட பாட்டிலை எல்லாரும் ஜாக்கிரதையாகத் தொடுகிறார்கள். நிறம் காட்டும் சப்ஸ்ட்ரேட்டைத்தான் அலட்சியமாகக் கையாள்கிறார்கள். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ இப்போதுதான் உள்ளே நுழைகிறவர்கள், முதல் பரிசோதனைக்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன வேதியியல்

குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ், அதாவது எச்ஆர்பி, ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துக்கொண்டு வேறொரு பொருளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிற நொதி. எளிதாக எலக்ட்ரானைக் கொடுத்து, கொடுத்த கையோடு பளிச்சென்று நிறம் மாறுகிற பொருளாகத் தேடினால் அரோமேட்டிக் அமீன்களில்தான் போய் நிற்போம். பென்சிடின், டயானிசிடின், ஆர்த்தோ டாலிடின், டயமினோபென்சிடின், ஆர்த்தோ ஃபீனைலின்டையமின் எல்லாம் அந்தக் கூட்டம். பழைய செய்முறைப் புத்தகங்களில் சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கப் பென்சிடின் சோதனை இருக்கும். ரத்தத்தின் ஹீம் பெராக்சிடேஸ் மாதிரியே நடந்துகொள்வதால் நீல நிறம் வரும். வேதியியலாகப் பார்த்தால் அழகான சோதனைதான்.

இந்த அமீன்களின் இன்னொரு முகம் அதற்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்துவிட்டது. 1895-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். பின்னால் பென்சிடினும் 2-நாஃப்தைலமீனும் பிடிபட்டன. இரண்டும் இன்று ஐஏஆர்சியின் பிரிவு 1-இல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பிரிவில், இருக்கின்றன. 1974-இல் அமெரிக்கா பணியிடங்களுக்குத் தனி விதி போட்ட 13 புற்றுநோய்க் காரணிகளிலும் இந்த இரண்டும் உண்டு.

இந்தப் பொருள்கள் பலவும் உள்ளே போகிறபோதே மரபணுவைத் தாக்குவதில்லை. நம் உடம்பின் நொதிகள் இவற்றைக் கழுவி வெளியேற்றப் பார்க்கின்றன. அந்த முயற்சியில்தான் பொருள் கூராகிறது. விஸ்கான்சினில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதி இதை நிலைநாட்டினார்கள். நிலக்கரித் தாரிலும் சிகரெட் புகையிலும் இருக்கிற பென்சோபைரீன் நல்ல உதாரணம். சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதி ஒன்று அதன் மேல் ஆக்சிஜனை ஏற்றி எபாக்சைடு ஆக்கும். எபாக்சைடு ஹைட்ரோலேஸ் என்ற இன்னொரு நொதி அதில் தண்ணீரைச் சேர்த்து டையால் ஆக்கும். மறுபடி பி450 வந்து வேறோர் இடத்தில் எபாக்சைடு போடும். அந்தக் கடைசிப் பொருள்தான் மரபணுவில் இருக்கிற குவானினைப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் வருகிற அஃப்ளடாக்சின் பி1 கதையும் ஏறக்குறைய இதேதான்.

ஆகவே ஒரு பாட்டிலைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். என் சோதனைக் குழாயில் இதன் மேல் எந்த நொதி வேலை செய்யப் போகிறது? உள்ளே போய்விட்டால் என் கல்லீரலில் எந்த நொதி வேலை செய்யும்? முதல் கேள்விக்குப் பதில் புரோட்டோகாலில், அதாவது செய்முறைக் குறிப்பில், இருக்கும். இரண்டாவதற்கு நீங்கள்தான் தேட வேண்டும்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

புரோட்டோகாலில் இருக்கிற சுருக்கப் பெயரை நம்பாதீர்கள். டிஏபி என்று போட்டிருந்தால் அது திசு வெட்டுகளில் பழுப்பு நிறம் கொடுக்கும் டயமினோபென்சிடினாக இருக்கலாம். பழைய கட்டுரைகளில் அதே மூன்றெழுத்து டைமெத்தில் அமினோ அசோபென்சீனையும் குறிக்கும். ஒரு காலத்தில் வெண்ணெய்க்கு மஞ்சள் ஏற்றப் போட்டு, பின்னால் எலிகளுக்குக் கல்லீரல் புற்று வரவழைப்பது தெரியவந்த சாயம் அது. ஆர்த்தோ டாலிடின், ஆர்த்தோ டொலுயிடின் என்ற இரண்டும் ஆங்கிலத்தில் ஓரெழுத்து வித்தியாசத்தில் வேறு வேறு பொருள்கள். முன்னது 2பி, பின்னது பிரிவு 1.

பெயரில் குழப்பம் வராமலிருக்க ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் சிஏஎஸ் எண் என்று ஒன்று உண்டு. பென்சிடினுக்கு 92-87-5. ஆர்த்தோ டயானிசிடினுக்கு 119-90-4. டெட்ராமெத்தில் பென்சிடினுக்கு, அதாவது டிஎம்பிக்கு, 54827-17-7. உங்கள் புரோட்டோகாலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் இந்த எண்ணைப் போடுங்கள். கரைப்பான்களையும் நிறுத்தற்கரைசலையும் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்-கால் இதற்கு நல்ல பாடம். நீலக் காலனி, வெள்ளைக் காலனி பிரிக்க உதவும் அந்தச் சப்ஸ்ட்ரேட்டால் பெரிய தொல்லை இல்லை. அதைக் கரைக்க வழக்கமாக எடுக்கிற டைமெத்தில் ஃபார்மமைடு, புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் இருக்கிறது. கருவையும் பாதிக்கக் கூடியது. தோல் வழியாகவும் உள்ளே போகும்.

படி 2: பாதுகாப்புத் தாளில் எதைப் படிப்பது

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் விற்பனை நிறுவனம் எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தரவுத் தாள் கொடுக்கும். அதில் 16 பகுதிகள். முழுவதையும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. 2, 8, 13 ஆகிய மூன்றையும் கட்டாயம் படியுங்கள். 2-இல் ஆபத்து என்னவென்று இருக்கும். 8-இல் என்ன கையுறை, எந்த மாதிரிக் காற்றோட்டம் என்று இருக்கும். 13 கழிவு பற்றியது. சிந்திவிட்டால் 6, உடம்பில் பட்டுவிட்டால் 4.

பகுதி 2-இல் எச்350 என்று கண்டால் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. எச்351 என்றால் அப்படிச் சந்தேகிக்கப்படுவது. எச்340, எச்341 இரண்டும் மரபணுப் பிழை பற்றியவை. பாட்டிலின் மேல் இதற்கான படம், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனித உருவம். மண்டை ஓடு உடனடி விஷத்துக்கானது. அதனால்தான் பலரும் இந்த நட்சத்திர மனிதரைக் கண்டுகொள்வதே இல்லை.

ஐஏஆர்சி பிரிவுகளைப் படிக்கிறபோது ஒன்று ஞாபகமிருக்கட்டும். பிரிவு 1 என்றால், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று போதுமானது என்று பொருள். எவ்வளவு வலுவாக உண்டாக்கும் என்பதை அது சொல்வதில்லை. கொட்டைப்பாக்கும் பிரிவு 1, அஃப்ளடாக்சினும் பிரிவு 1, மதுவும் பிரிவு 1. அதேபோல் பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. குளுட்டத்தயோன் டிரான்ஸ்ஃபரேஸ் அளக்க நம் கல்லூரிகளில் தினமும் எடுக்கிற சிடிஎன்பியைப் பாருங்கள். 340 நானோமீட்டரில் அளப்போமே, அதேதான். புற்றுநோய்ப் பட்டியலைத் தேடினால் அது கண்ணில் படாது. ஆனால் தோலில் பட்டால் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் இம்மியளவு பட்டாலும் கை கொப்பளிக்கும்.

படி 3: மாற்றுப் பொருள் இருக்கிறதா?

கையுறை, நச்சுக் காற்றை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூட் எல்லாம் அப்புறம். அந்தப் பொருள் இல்லாமலே வேலை நடக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். "நம்ம லேப்ல எப்பவும் இதுதான் போடுவோம்" என்பது ஒரு காரணமே ஆகாது.

டிஎம்பி பிறந்த கதை இதற்குப் பொருத்தம். 1974-இல் பிரிட்டனில் ஹாலண்ட், சாண்டர்ஸ், ரோஸ், வால்போல் ஆகிய நால்வர், ரத்தம் கண்டுபிடிக்கும் சோதனையில் பென்சிடினுக்குப் பதிலாக இதை முன்வைத்தார்கள். பென்சிடினின் அமீன் தொகுதிகளுக்குப் பக்கத்து இடங்கள் நான்கிலும் மெத்தில் தொகுதிகளை வைத்து அடைத்துவிட்டால், உடம்பின் நொதிகள் அங்கே ஆக்சிஜனை ஏற்ற முடியாது என்பது அவர்கள் கணக்கு. பெராக்சிடேஸுக்கு இந்த மெத்தில்கள் தடையில்லை, நிறம் வந்தது. எலிகளில் பென்சிடின் உண்டாக்கிய மாதிரியான கட்டிகளை இது உண்டாக்கவில்லை. ஒரு நொதிக்குச் சப்ஸ்ட்ரேட்டாக இருந்துகொண்டே இன்னொரு நொதிக்கு வழியை அடைப்பது எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அந்த நால்வரில் வால்போல்தான், மார்பகப் புற்றுக்கான டாமாக்சிஃபென் மருந்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர்.

இன்றைக்கு எலைசாவில், அதாவது ஆன்டிபாடியையும் நொதியையும் வைத்துத் தட்டில் அளக்கும் சோதனையில், டிஎம்பி பரவலாக வந்துவிட்டது. இன்னும் ஓபிடி, அதாவது ஆர்த்தோ ஃபீனைலின்டையமின், எடுக்கிற ஆய்வகமாக இருந்தால் மாற்றச் சொல்லிக் கைடிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சப்ஸ்ட்ரேட்டை மாற்றினால் அலைநீளமும் மாறும். ஓபிடியை அமிலத்தால் நிறுத்தி 492 நானோமீட்டரில் படிப்போம். டிஎம்பி முதலில் நீலம், 652-இல் படியலாம். கந்தக அமிலம் விட்டதும் மஞ்சளாகி 450-க்கு வரும். மஞ்சளின் உறிஞ்சல் நீலத்தைவிட அதிகம், அதனால் பழைய நீர்ப்பு விகிதத்தையே வைத்தால் தட்டு முழுக்க எல்லை தாண்டிப் போகும். ஆன்டிபாடியின் அளவை மறுபடி சோதித்து இறக்க வேண்டியிருக்கும். தட்டின் நிறத்தை அளக்கும் உங்கள் ரீடரில் 450 ஃபில்டர் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே பாருங்கள்.

தாவரப் பெராக்சிடேஸ் அளக்கிறவர்கள் டயானிசிடினை விட்டுவிட்டுக் குவையக்கால் எடுக்கலாம். 470-இல் செம்பழுப்பாக வரும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையில் 4-அமினோ ஆன்டிபைரினும் ஃபீனாலும் சேர்ந்த கலவை எப்போதோ வந்துவிட்டது; மருத்துவப் பரிசோதனைக் கூடங்களின் ஜிஓடி-பிஓடி கிட் அதுதான், 505-இல் படிப்போம். ஃபீனால் தோலைச் சுடும், அது வேறு விஷயம். அக்ரிலமைடைத் தூளாக நிறுக்காமல் 30 அல்லது 40 சதவீதக் கரைசலாக வாங்கிவிடலாம். தூள் மூக்குக்குப் போகும், நரம்பையும் பாதிக்கும்; கரைசலில் பாதித் தொல்லை குறைந்துவிடுகிறது. எக்ஸ்-காலை டைமெத்தில் சல்ஃபாக்சைடிலும் கரைக்கலாம்.

டயமினோபென்சிடினுக்குத் திசு வெட்டுகளில் நல்ல மாற்று கிடைப்பது கஷ்டம். அதன் பழுப்புப் படிவு ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரையாது. பல வருஷம் நிற்கும். விட முடியாது என்றால் மாத்திரையாகவோ தயார்நிலைக் கரைசலாகவோ வாங்குங்கள். நிறுக்கிற வேலையே இல்லாமல் போய்விடும்.

படி 4: நிறுப்பது

புற்றுநோய்க் காரணி ஒன்றோடு உங்களுக்கு நடக்கிற மிக ஆபத்தான சந்திப்பு, அதன் உலர்ந்த தூளை நிறுக்கிற அந்த ஐந்து நிமிஷம். கரைசலானதும் அது இருக்கிற இடத்தில் இருக்கும். தூள் அப்படி இருக்காது. அஃப்ளடாக்சின் மாதிரிப் பொருள்கள் நிலைமின்சாரத்தில் துள்ளி ஸ்பாட்டுலாவை விட்டுக் கையுறைக்குத் தாவும்.

தராசு பெரும்பாலும் ஃபியூம் ஹூடுக்கு வெளியேதான் இருக்கும். ஹூடின் காற்று தராசை ஆட்டுவதால் உள்ளே வைத்தால் எண் நிற்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியைக் காலியாக, மூடியோடு தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குப்பியை ஹூடுக்குள் கொண்டுபோய், அங்கே பாட்டிலைத் திறந்து, ஸ்பாட்டுலா நுனியில் உத்தேசமாக எடுத்துப் போட்டு, குப்பியை மூடி, வெளிப்பக்கத்தை ஈர டிஷ்யூவால் துடையுங்கள். மூடிய குப்பியை மறுபடி நிறுங்கள். 5 மில்லிகிராம் வேண்டும் என்று நினைத்து 6.3 வந்திருக்கலாம். வரட்டும். திருப்பிப் பாட்டிலில் போடாதீர்கள், 6.3 மில்லிலிட்டர் கரைப்பான் விடுங்கள், மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று சரியாக வந்துவிடும். எடைக்குத் தகுந்த கரைப்பான் என்ற இந்தப் பழக்கம் வந்தபின், தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் குறைக்கிற வேலையே இருக்காது.

நிறுக்கிற அறையில் தலைக்கு மேலே ஃபேன் ஓடினால் அணைத்துவிடுங்கள். வேர்க்கும்தான், பரவாயில்லை. வேலை முடிந்ததும் தராசையும் சுற்றியுள்ள மேசையையும் ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த பிரஷ் எடுத்தால் தூள் எழும்.

இன்னொன்று, இதை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: லாமினார் ஃப்ளோ வேறு, ஃபியூம் ஹூட் வேறு. கிடைமட்ட லாமினார் ஃப்ளோ, வடிகட்டிய காற்றை உங்கள் முகத்தைப் பார்த்து அடிக்கும். அது செல்களைக் கிருமியிடமிருந்து காப்பாற்ற வந்தது. உங்களைக் காப்பாற்ற வந்ததில்லை. அதற்குள் டயமினோபென்சிடினைத் திறப்பது, தூளை எடுத்து மூஞ்சியில் ஊதிக்கொள்வதற்குச் சமம். ஃபியூம் ஹூட் உள்பக்கமாக இழுக்கிறதா என்று பார்க்க, மெல்லிய டிஷ்யூத் துண்டை வாசலில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சாய்ந்தால் சரி. கண்ணாடியைக் குறியிட்ட உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். ஹூடைக் காலி பாட்டில் அடுக்கும் அலமாரியாக வைத்திருக்கிற ஆய்வகங்கள் உண்டு. அங்கே காற்று எப்படிப் போகும்?

படி 5: கை, கையுறை, போன்

நைட்ரில் கையுறை, இரண்டு ஜோடி, ஒன்றன் மேல் ஒன்று. பட்டுவிட்டதென்று தெரிந்தால் மேல் ஜோடியை உடனே கழற்றுங்கள். கையுறை என்பது கொஞ்ச நேர அவகாசம், அவ்வளவுதான். டைகுளோரோமீத்தேன் மெல்லிய நைட்ரிலைச் சில நிமிஷத்துக்குள் தாண்டிவிடும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு தன்னில் கரைந்திருப்பதையும் தோலுக்குள் கூட்டிக்கொண்டு போகும்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், குரோமியம் மரபணுவை எப்படிக் கெடுக்கிறது என்று ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தின் சில துளிகள் அவருடைய லேட்டக்ஸ் கையுறையின் மேல் விழுந்தன. அன்றைய விதிகளின்படி அவர் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். கையுறை அந்தப் பொருளைத் தடுக்கவே இல்லை. 1997 ஜூனில் இறந்துபோனார். அது பாதரச நஞ்சு, புற்றுநோய் இல்லை. ஆனால் எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று பகுதி 8-இல் பார்க்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கையுறை போட்ட கையால் போனை எடுக்காதீர்கள். கதவுப் பிடி, ஃபிரிட்ஜ், கீபோர்டு, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு கையில் மட்டும் கையுறையைக் கழற்றி அந்தக் கையால் கதவைத் திறப்பது நல்ல பழக்கம். லேப் கோட்டை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போவதும், வீட்டுத் துணியோடு சேர்த்து அதைத் துவைப்பதும் வேண்டாம்.

தோலில் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிஷம். ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், கரைந்து இன்னும் உள்ளே போகத்தான் வழி. அப்புறம் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று மறைக்காதீர்கள். கருவுற்றிருக்கிறவர்களும் அந்த எண்ணத்தில் இருக்கிறவர்களும் டைமெத்தில் ஃபார்மமைடு, அக்ரிலமைடு பக்கம் போகும் முன் கைடிடம் பேசிவிடுவது நல்லது. காரணத்தை விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

படி 6: சோதனை ஓடும்போது

ஆபத்தான சப்ஸ்ட்ரேட்டை வீணாக்காமலிருப்பதும் பாதுகாப்புதான். திரும்பத் திரும்ப ஓட்டினால் திரும்பத் திரும்பத் தொட வேண்டியிருக்கும். அதனால் முதல் தடவையே சரியாக வர இரண்டு மூன்று விஷயங்கள். எச்ஆர்பி ஓடுகிற பஃபரில் சோடியம் அசைடு இருக்கக் கூடாது. ஆன்டிபாடி கெடாமலிருக்கப் போட்டிருப்பார்கள், அது நொதியை முடக்கிவிடும். அல்கலைன் பாஸ்ஃபடேஸுக்குப் பாஸ்ஃபேட் பஃபர் ஆகாது. அதன் சப்ஸ்ட்ரேட்டான பிஎன்பிபி போட்டுவிட்டு மஞ்சள் வரவில்லையே என்று மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் முதலில் பஃபரைப் பாருங்கள். டிஎம்பி கரைசல் ஊற்றும் முன்பே நீலமாக இருந்தால் கெட்டுவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு பழையதாக இருந்தால் எதுவுமே வராது.

எலைசா தட்டைத் தொட்டியில் கவிழ்த்து உதறுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. கழுவுகிற பஃபருக்குச் சரி. ஓபிடி ஊற்றிய தட்டை அப்படி உதறினால் துளிகள் சட்டையிலும் சுவரிலும் தெறிக்கும். அதை மல்டிசேனல் பிப்பெட்டால் உறிஞ்சிக் கழிவு பாட்டிலில் விடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

புற்றுநோய்க் காரணியே ஆராய்ச்சிப் பொருளாக இருந்தால்

புரூஸ் ஏம்ஸ் பெர்க்லியில் 1970-களில் உருவாக்கிய சோதனையில், ஹிஸ்டிடின் தயாரிக்க முடியாத சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சோதனைப் பொருளோடு வைத்து, எத்தனை காலனி மறுபடி ஹிஸ்டிடின் தயாரிக்கும் நிலைக்குத் திரும்பின என்று எண்ணுவோம். பாக்டீரியாவிடம் நம் கல்லீரலின் நொதிகள் இல்லை. அதனால் எலிக் கல்லீரலை அரைத்து எடுத்த எஸ்9 என்ற சாறைச் சேர்ப்பார்கள். பென்சோபைரீன் எஸ்9 இல்லாத தட்டில் ஒன்றும் செய்யாது. எஸ்9 உள்ள தட்டில் காலனிகள் கொட்டும். முன்னால் சொன்ன நொதிக் கதை முழுவதையும் இரண்டு தட்டுகளில் பார்த்துவிடலாம்.

புதியவர்கள் தவறவிடுவது: அந்த மேசையில் இருப்பதிலேயே மோசமான பொருள் பாசிட்டிவ் கன்ட்ரோல்தான். உங்கள் மூலிகைச் சாறு எப்படிப்பட்டதோ, பக்கத்தில் இருக்கிற 2-அமினோ ஆந்த்ரசீன் கட்டாயம் மரபணுவைக் கெடுக்கும். அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. சோடியம் அசைடும் இதில் ஒரு கன்ட்ரோல். அதைத் தொட்டியில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக் கூடிய உப்பு சேரும். அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். எஸ்9 தயாரிக்கும் எலிகளுக்கு முன்பு அரோக்ளோர் 1254 என்ற பிசிபி எண்ணெய் கொடுத்தார்கள். பிசிபிக்கள் இப்போது பிரிவு 1. ஃபீனோபார்பிட்டாலும் பீட்டா நாஃப்தோஃப்ளேவோனும் சேர்த்துக் கொடுப்பது அதற்கு மாற்று.

விலங்கு ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தனிப் பயிற்சியும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும், அதனால் இங்கே நீட்டவில்லை. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் டிஎம்பிஏ என்ற புற்றுநோய்க் காரணியைத் (முன்னால் சொன்ன டிஎம்பி வேறு) தடவி வாய்ப்புற்று ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. அந்த மாதிரி வேலையில் சேர்கிறவர்கள் கூண்டுப் படுக்கையை மறந்துவிடக் கூடாது. மருந்து கொடுத்த நாள்களில் சிறுநீரிலும் சாணத்திலும் தடவிய இடத்திலும் அந்தப் பொருளும் அதன் சிதைவுகளும் இருக்கும். கூண்டைச் சுத்தம் செய்கிற பணியாளருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், அவருக்கும் முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

படி 7: கழிவு

"பிளீச்சை ஊற்று, செத்துப்போகும்" என்பது எல்லா ஆய்வகத்திலும் கேட்கிற வாக்கியம். பாக்டீரியாவுக்குச் சரி. அஃப்ளடாக்சினுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் வேலை செய்யும். கடைசியில் அசிட்டோன் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு நச்சு வழிப்பொருள் மிஞ்சலாம். அஃப்ளடாக்சின் பி1 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும், அதனால் மேசையில் சிந்தியிருக்கிறதா என்று விளக்கடித்தே பார்த்துவிடலாம். டயமினோபென்சிடினுக்கும் எத்திடியம் புரோமைடுக்கும் பிளீச் ஆகாது; மரபணுவைக் கெடுக்கிற வேறு பொருள்கள் மிச்சமாகும். எத்திடியம் கலந்த பஃபரை ஆக்டிவேட்டட் கரி வழியாக வடிகட்டுங்கள். கரியும் ஜெல்லும் அபாயக் கழிவாகப் போகட்டும். டயமினோபென்சிடினுக்கு அமிலம் கலந்த பெர்மாங்கனேட் முறை உண்டு. அதை ஆய்வகத்தில் எழுதிவைத்த முறைப்படி, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அது முடியாதென்றால் கரைசலை அப்படியே கழிவு பாட்டிலில் சேர்த்துவிடலாம். மிஞ்சிய அக்ரிலமைடை வழக்கமான வினையூக்கி போட்டு உறையவைத்துத் திடமாக அனுப்பலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. 1980-களின் தொடக்கத்தில் எம்ஐடியின் அலெக்சாண்டர் கிலிபனோவ், கழிவுநீரிலிருந்து பென்சிடின் மாதிரி அமீன்களை அகற்ற அதே குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸையே எடுத்தார். பெராக்சைடு ஊற்றினால் அமீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரையாத வண்டலாக அடியில் படியும். வடிகட்டிவிடலாம். வண்டலை மட்டும் அபாயக் கழிவாகவே நடத்த வேண்டும்.

கழிவு பாட்டிலில் "வேஸ்ட்" என்று மட்டும் எழுதினால் எடுத்துப் போகிறவருக்கு ஒன்றும் புரியாது. பொருளின் முழுப்பெயர், கரைப்பான், உத்தேச அளவு, தொடங்கிய தேதி நான்கும் வேண்டும். அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே பாட்டிலில் விடாதீர்கள், குளோரின் வரும். இந்தியாவில் அபாயகரமான கழிவுகளுக்கு 2016-இன் விதிகள் இருக்கின்றன. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் யார் இதைப் பார்த்துக்கொள்கிறார் என்று முதல் வாரமே விசாரித்து வையுங்கள். பல இடங்களில் "யாரும் இல்லை" என்ற பதில் வரும். அப்படியென்றால் மூடி இறுக்கிய பாட்டில், அடியில் ஒரு தட்டு, பூட்டிய அலமாரி. கைடுக்கு ஒரு மெயில், எழுத்தில்.

கடைசியாக ஃபிரீசர். புராஜெக்ட் முடித்துக் கிளம்புகிறவர்கள் விட்டுப்போன, மார்க்கர் எழுத்து அழிந்த சின்னக் குழாய்கள் எல்லா ஆய்வகத்திலும் மைனஸ் 20-இல் உறைந்து கிடக்கும். அவற்றில் எது பிரைமர், எது மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் எத்திடியம் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் பெட்டியை வெளியே எடுத்து, இன்னும் வேண்டியதற்குப் புது லேபிள் ஒட்டி, வேண்டாததைக் கழிவில் சேர்த்து, பட்டியல் ஒன்றை அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.